பொருள்: மாண்டினீக்ரோவின் கோட்டோர் நகருக்குப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பாமல் விட்டது – அட்ரியாட்டிக் கடற்கரை கார் பயணம், மே 2025

தூத்துக்குடி
23.06.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்கள்,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு, சென்னை.

ஐயா / அம்மா,

வணக்கம். மே 17 முதல் 25 வரை குரோஷியா, மாண்டினீக்ரோ கடற்கரையில் நாமே கார் ஓட்டிச் செல்லும் உங்கள் பேக்கேஜில் போய்வந்த ஐந்து பேர் குடும்பம் நாங்கள். ஊர் திரும்பி நான்கு வாரம் ஆகிறது. இதற்குள் 19 முறை போன் செய்துவிட்டேன், 4 மெயில் அனுப்பிவிட்டேன். போன வாரம் என் கணவர் லீவு போட்டு, முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து, உங்கள் அலுவலகத்தில் காலை 10 மணியிலிருந்து 2 மணி வரை உட்கார்ந்திருந்தார். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். புகார் எண் கேட்டார்கள். சொன்னால், அதை முடித்துவிட்டோமே, புதிதாக ஒன்று பதிவு செய்யுங்கள் என்றார்கள். யார் முடித்தார்கள், எங்களிடம் என்ன கேட்டு முடித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று இரவே அதே ரயிலில் வெறுங்கையோடு திரும்பினார். இனி போனில் பேசிப் பயனில்லை என்றுதான் எழுத்தில் தருகிறேன். பொறுமையாக ஒருமுறை முழுவதும் படியுங்கள், அது போதும்.

பேக்கேஜ் உங்களுடையது. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏழாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்: மே 22, 23 இரண்டு இரவும் கோட்டோர். ரசீதில் தனி வரியாக "எல்லை தாண்டும் அனுமதி – 8,500 ரூபாய்" என்று போட்டு வாங்கியிருக்கிறீர்கள். மாண்டினீக்ரோ போய்விட்டுத் திரும்பவும் குரோஷியாவுக்குள் வர வேண்டியிருக்கும், அதனால் ஷெங்கன் விசாவைப் பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்கள் விசா பிரிவுதான். ஆக, கார் எல்லை தாண்ட வேண்டும் என்பது உங்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் அந்த ஒரு தாளை நீங்கள் வாங்கவே இல்லை.

கோட்டோர் எங்களுக்கு ஏன் முக்கியம் என்பதை பிப்ரவரியில் புக் செய்யும்போதே உங்கள் ஊழியரிடம் சொல்லியிருந்தேன். அவர் குறித்தும் வைத்துக்கொண்டார். என் அப்பா கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டராக இருந்தவர். 1984-ல் அவருடைய சரக்குக் கப்பல் பழுதுபார்ப்புக்காக கோட்டோர் வளைகுடாவில் பியெலா என்ற ஊரின் யார்டில் ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. அப்போது அது யூகோஸ்லாவியா. 1979 நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளை அந்தப் பக்கத்தில் இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்களாம். மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கும், கடல் மாதிரியே இருக்காது, குளம் மாதிரி அசையாமல் கிடக்கும் என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போது அவருக்கு 71 வயது, இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டன. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது என்றுதான் பிள்ளைகளின் கோடை விடுமுறையில் 9,40,000 ரூபாய் கட்டினோம். எங்கள் பத்து வருடச் சேமிப்பு அது. உங்களால் அது அத்தனையும் கடலில் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

மே 22-ஆம் தேதிக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின நாள் டுப்ரோவ்னிக்கிலிருந்து, எல்லை அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டு உங்கள் அவசர உதவி எண்ணுக்கு நான்கு முறை கூப்பிட்டேன். அங்கே மாலை 4 மணி, உங்களுக்கு இரவு ஏழரை. "ஸ்ப்ளிட் ஏர்போர்ட் கவுண்டருக்குப் போங்க மேடம், லெட்டர் ரெடியா இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இப்போதும் என் போனில் இருக்கிறது. டுப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். நீங்கள் போகச் சொன்ன ஸ்ப்ளிட் ஏர்போர்ட்டோ அதற்கு நேர் எதிர்த் திசையில், ஏறக்குறைய 250 கிலோமீட்டர். அறையைக் காலி செய்து, பெட்டிகளை ஏற்றி, ஐந்து வயதுப் பெண்ணைத் தூக்கத்திலேயே தூக்கி வைத்து 6 மணிக்குக் கிளம்பினோம். மகனுக்கு வளைவில் இரண்டு முறை வாந்தி. அப்பா முன் சீட்டில் காலை நீட்ட முடியாமல் வாய் திறக்காமல் வந்தார்.

கார் வாடகைக் கவுண்டரில் இருந்த பெண் நல்லவர். கம்ப்யூட்டரில் தேடினார், ஃபைலில் தேடினார், உள்ளே போய் இன்னொருவரையும் கேட்டு வந்தார். அப்படி ஒரு கடிதத்தை யாரும் கேட்கவே இல்லை என்றார். அதோடு, நீங்கள் எடுத்துக் கொடுத்த வாடகை ஒப்பந்தப்படி அந்தக் காரைக் குரோஷியாவுக்கு வெளியே கொண்டுபோகவே கூடாது, இப்போது பணம் கட்டினாலும் மாற்ற முடியாது என்று அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். என் கையெழுத்துக்கு மேலேயே இருந்தது அந்த வரி. குரோஷிய மொழியில். முதல் நாளே அது இருந்ததே, படிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அந்த முதல் நாளே இதே கவுண்டரிலிருந்து உங்களுக்குப் போன் போட்டேன். "அது நாங்க பார்த்துக்குறோம், சைன் பண்ணிடுங்க" என்றார்கள். நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

அங்கேயே நின்று உங்கள் எண்ணுக்கு மறுபடி கூப்பிட்டேன். 25 நிமிடம் காத்திருக்க வைத்தார்கள், ரோமிங் கட்டணத்தில். பிறகு ஒருவர் எடுத்தார். பெயர் சொல்ல மறுத்துவிட்டார். ஆனால் அழைப்பு பதிவு செய்யப்படும் என்று உங்கள் இயந்திரம் ஒவ்வொரு முறையும் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். மே 22, இந்திய நேரம் மதியம் ஒன்றரை மணிக்கு மேல். நான் நிலைமையைச் சொல்லி, அப்பா இதற்காகத்தான் வந்தார் என்றேன். அதற்கு அவர் சொன்னது: "பெரியவருக்கு இந்த வயசுல இதெல்லாம் தேவையா மேடம்? கோட்டோர்தானே, யூடியூப்ல நிறைய வீடியோ இருக்கு, காட்டுங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "விடும்மா, போவோம்" என்று சொல்லிக் கார் இருந்த பக்கம் நடந்தார். அவர் நடந்து போனதை நான் மறக்க மாட்டேன். பணத்தை நீங்கள் திருப்பித் தந்துவிடலாம். இந்த ஒரு வாக்கியத்தை எப்படித் திருப்பி எடுப்பீர்கள்? அந்த ஊழியர் இன்னும் உங்கள் போனை எடுத்துக்கொண்டிருக்கிறாரா? அவர் என் அப்பாவிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். என் கோரிக்கைகளில் முதலாவது இதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

மன்னிக்கவும், வரிசையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். காரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் கார் என்று புக் செய்தோம், அதற்குத் தனியாகப் பணமும் கட்டினோம். 17-ஆம் தேதி கொடுத்தது மேனுவல். உங்கள் வவுச்சரிலேயே மேனுவல் என்றுதான் இருந்தது. என் கணவர் இருபது வருடம் நம் ஊரில் வலது பக்கம் உட்கார்ந்து, இடது கையால் கியர் போட்டவர். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில், வண்டி போக வேண்டியதும் சாலையின் வலது பக்கம். முதல் இரண்டு நாள் கியர் மாற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் அவருடைய இடது கை தானாகப் போய்க் கதவில் இடித்தது. மகார்ஸ்காவுக்குப் போகும் கடற்கரைச் சாலை எப்படி இருக்கும் என்று அந்தப் பேக்கேஜை விற்கும் உங்களுக்குத் தெரியாதா? ஒரு பக்கம் பியோகோவோ மலை, மறு பக்கம் கீழே கடல், பின்னால் லாரி. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது?

நீங்கள் கொடுத்த பயணக் குறிப்பு எந்தக் காலத்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. செலவுக்குக் குனா மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். குரோஷியா 2023 ஜனவரி 1-லேயே யூரோவுக்கு மாறிவிட்டது. டுப்ரோவ்னிக் போகும் வழியில் நேயும் என்ற இடத்தில் போஸ்னியா எல்லையைத் தாண்ட வேண்டும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள் என்று இருக்கிறது. பெல்யெஷாட்ஸ் பாலம் 2022 ஜூலையில் திறந்தாகிவிட்டது. எல்லை தாண்டாமல், கட்டணமும் இல்லாமல் அதன் மேல் போகலாம். மேப்பைப் பார்த்துப் பாலத்தில் போனதால் தப்பித்தோம். உங்கள் தாளை நம்பி நேயும் வழியாகப் போயிருந்தால், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாத காரைப் போஸ்னியாவுக்குள் ஓட்டியிருப்போம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைத்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

டுப்ரோவ்னிக்கில் "பார்க்கிங் வசதியுடன்" என்று தந்த வீடு கோட்டைச் சுவருக்குள்ளே இருந்தது. அங்கே கார் நுழையவே முடியாது. மேலே இலியினா கிளாவிட்சாவில் பொதுப் பார்க்கிங்கில் விட்டுவிட்டுப் படியிறங்கினோம். மூட்டு வலிக்காரர் இருக்கிறார் என்று படிவத்தில் எழுதியிருந்தோம். பார்க்கிங்குக்கு மட்டும் 100 யூரோவுக்கு மேல் ஆனது. ரசீது இணைத்திருக்கிறேன்.

சரி, 22-ஆம் தேதி மீதியையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி 250 கிலோமீட்டர். டுப்ரோவ்னிக் வந்து சேர மாலையாகிவிட்டது. பஸ்ஸில் போகலாம் என்று குரூஷ் பஸ் நிலையத்தில் கேட்டோம். மறுநாள் ஐந்து பேருக்கு இடம் இல்லை. கோட்டோர் ஓட்டலில் பணம் திரும்பாது என்று மெயில் வந்தது. அந்த இரண்டு இரவுக்கு டுப்ரோவ்னிக்கில் கையிலிருந்து 310 யூரோ கொடுத்து அறை எடுத்தோம்.

23-ஆம் தேதி என் கணவர் மேப்பில் தேடி அப்பாவை பிரெவ்லாகாவுக்கு அழைத்துப் போனார். தீவுகளை விட்டால், குரோஷிய நிலப்பரப்பின் தென்கோடி முனை அது. அங்கிருந்து பார்த்தால் கோட்டோர் வளைகுடாவின் வாசல் தெரியும். எதிரே மாமுலா தீவுக் கோட்டை, இடது பக்கம் ஹெர்செக் நோவி ஊர், எல்லாம் மாண்டினீக்ரோ. அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்து, "இந்த வாய்க்குள்ளதான் எங்க கப்பல் போச்சு. இன்னும் உள்ள போகணும், அந்த மலைக்குப் பின்னால" என்று பேரனுக்குக் கையை நீட்டிக் காட்டினார். பியெலா அங்கிருந்து தெரியாது. ஒரு மணி நேரம் இருந்தோம். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. அதுவும் உங்கள் பேக்கேஜில் இல்லாதது, நாங்களாகத் தேடிப் போனது.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு எந்த வன்மமும் இல்லை. நான்கு வருடம் முன்பு என் அக்கா குடும்பம் உங்கள் மூலம் சிங்கப்பூர் போய் நல்லபடியாக வந்தது. அந்த நம்பிக்கையில்தான் வந்தோம். தயவுசெய்து இதை மரியாதையாகவே முடித்துக்கொள்வோம். நான் கேட்பது: எல்லை அனுமதிக்கு வாங்கிய 8,500 ரூபாய், ஆட்டோமேட்டிக் காருக்கு அதிகம் வாங்கிய தொகை, கோட்டோரின் இரண்டு இரவு வாடகை, நாங்கள் கொடுத்த 310 யூரோ, 22-ஆம் தேதி அலைச்சலின் பெட்ரோல், சுங்கக் கட்டணம், பார்க்கிங் செலவு, இவற்றோடு மன உளைச்சலுக்கு 3 லட்சம் ரூபாய். பேக்கேஜ் தொகையில் பிடித்த வரிக்கான சான்றிதழும் இன்னும் வரவில்லை, அதையும் அனுப்புங்கள். அடுத்த பயணத்துக்கு 10,000 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்று மெயில் அனுப்பியிருந்தீர்கள். வேண்டாம். அதை ஏற்கவில்லை என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் தூத்துக்குடியிலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியது இனி நான் இல்லை. வாட்ஸ்அப் செய்திகள், வாடகை ஒப்பந்தம், உங்கள் ரசீது, போன் அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். மே 22 அழைப்புப் பதிவை அழித்துவிட வேண்டாம் என்றும் இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். அழித்தால் அதையும் ஆணையத்தில் சொல்வேன்.

மன்னிப்புக் கேட்க அந்த ஊழியர் அழைப்பதாக இருந்தால் மாலை 5 மணிக்கு மேல் அழைக்கச் சொல்லுங்கள். மதியம் அப்பா தூங்குவார்.

இப்படிக்கு,
மே 17 பயணக் குழுவின் முதன்மைப் பயணி