பல்லேடியம் போடாத சுசுகி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கயல்,

பல்லேடியம் என்ற வினையூக்கி உலோகம் போடாமலே சுசுகி கப்ளிங் (இரண்டு வளைய மூலக்கூறுகளை ஒட்டும் ரியாக்ஷன்) ஓடுகிறது, யீல்டும் பிரமாதம், கைடு பேப்பர் எழுதச் சொல்லிவிட்டார் என்று நேற்று போனில் மூச்சுவிடாமல் சொன்னாய். சந்தோஷம்தான். ஆனால் குறுக்கே பேசினால் உனக்குக் கோபம் வரும், அதனால் எழுதுகிறேன்.

2003இல் லெட்பீட்டர் என்ற வேதியியலாளரின் குழு இதையேதான் சொன்னது. தண்ணீரில், மைக்ரோவேவில், உலோகமே இல்லாமல் சுசுகி. 2005இல் அவர்களே மறுபடி தோண்டிப் பார்த்தார்கள். கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் 50 பிபிபி அளவுக்குப் பல்லேடியம் இருந்தது. ஒரு டன்னுக்கு 50 மில்லிகிராம்! அது போதுமாயிருந்தது. அவர்களே திருத்தி வெளியிட்டதால் அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது. 2009இல் புக்வால்ட், போல்ம் என்ற வேதியியலாளர்கள், இரும்பு குளோரைடு செய்ததாக நம்பிய சில ரியாக்ஷன்களில், உண்மையில் வேலை பார்த்தது அதில் ஒட்டியிருந்த செம்பு என்று காட்டினார்கள்.

முதலில் ஃபிளாஸ்கில் கலக்கப் போடும் உன் காந்தக் கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார். டெஃப்லான் கீறல்களுக்குள் சாம்பல் நிறம் தெரிகிறதா? அது பழைய பல்லேடியமாக இருக்கலாம். ராஜ திராவகம் என்ற கடும் அமிலக் கலவையில் ஊறப்போட்டாலும் முழுசாகப் போகாது, பெருங்காய டப்பா மாதிரி. உனக்கு முன்னால் அந்த பெஞ்சில் இருந்தவர் பல்லேடியத்தில் ஓடும் ஹெக் ரியாக்ஷன் போட்டுக்கொண்டிருந்தார் என்று நீதானே சொன்னாய்? புதுக் கட்டி, புது ஃபிளாஸ்க் வாங்கு. அப்புறம் சுசுகியில் ஒட்டுவதற்கு நீ போடும் அந்தப் போரானிக் ஆசிட். யாரும் சந்தேகப்படாத சாமான் அதுதான். அதையே பல்லேடியம் போட்டுத் தயாரிக்கும் வழி உண்டு, எந்த வழியில் வந்த பாட்டில் என்று லேபிளில் இருக்காது. வேறு கம்பெனி சரக்கில் ஒருமுறை ஓட்டு. எல்லாவற்றையும், துளி உலோகத்தையும் அளந்து சொல்லும் ஐசிபி-எம்எஸ் சோதனைக்கு அனுப்பு. கூடவே, வேண்டுமென்றே 50 பிபிபி பல்லேடியம் சேர்த்து ஒன்று போடு. வேகம் கூடினால் உன் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

நான் இவ்வளவு சந்தேகப்படுவதற்குக் காரணம் என் வேலை. கம்பெனியில் பாதிக் காலம் பல்லேடியத்தை வெளியே எடுப்பதிலேயே போனது. போடுவது ஒரு நாள் வேலை, எடுப்பதுதான் பாடு. கரி போட்டுக் கலக்கி, செலைட் என்ற வடிகட்டும் தூளில் வடித்தால் தூள் கறுத்துப்போகும். வடிந்தது கண்ணாடி மாதிரி இருக்கும். ஆய்வறிக்கை வந்தால் இன்னும் இருக்கிறது என்று வரும். வாய்வழி மருந்தில் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம்தான் அனுமதி. அப்பா தினமும் போடும் லோசார்டன் என்ற பிபி மாத்திரையிலும் இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டியிருக்கின்றன. அதை சுசுகி வழியில் ஒட்டும் முறையை மெர்க் வேதியியலாளர்கள் 1994இல் வெளியிட்டார்கள். அவருக்கு எத்தனை தடவை சொன்னாலும் தூக்கம்தான் வருகிறது.

பல்லேடியம் இருந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராதே. அவ்வளவு குறைந்த அளவில், லிகண்ட் (உலோகத்தோடு சேர்ந்து அதற்கு உதவும் மூலக்கூறு) இல்லாமல் உன் கூட்டுப்பொருள் ஒட்டுகிறதென்றால் அதுவே நல்ல பேப்பர். தலைப்பு மட்டும் மாறும். கைடு அவசரப்படுத்தினால், பிளாங்க் சோதனைகள் முடியட்டும் சார் என்று சொல். ரிவியூவர் எப்படியும் கேட்கத்தான் போகிறார்.

ரிசல்ட் வந்ததும் நடுராத்திரியானாலும் கூப்பிடு. அப்பா எடுத்தால் சாப்பிட்டாயா என்று ஆரம்பிப்பார், போனை என்னிடம் தரச் சொல்.

அம்மா