சுவரைப் பார்க்காமல் சுவரில் படம் காட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டடங்கள் மேல் ஒளியைப் பாய்ச்சி நடத்தும் புரொஜெக்ஷன் மேப்பிங் நிகழ்ச்சிகளைப் பற்றி இப்போதெல்லாம் செய்தித்தாள்களில் அடிக்கடி பார்க்க முடிகிறது, சந்தோஷம்தான். ஆனால் எந்தச் செய்தியை எடுத்தாலும் எத்தனை புரொஜெக்டர் வைத்தார்கள், எத்தனை அடி உயரம், எந்த நிறுவனம் நடத்தியது என்பதோடு முடிந்துவிடுகிறது. இந்த வேலையிலேயே இருப்பதால் சொல்கிறேன், அதைப் படித்துவிட்டு எங்களிடம் வருகிறவர்களும் முதலில் கேட்பது "எவ்வளவு பெருசா காட்டலாம்?" என்றுதான். எந்தச் சுவர், அதில் என்ன இருக்கிறது, ஆட்கள் எங்கே நின்று பார்ப்பார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நிகழ்ச்சி நன்றாக வருவதும் சொதப்புவதும் அந்த மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது.

சாதாரணமாகத் திரையில் படம் காட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என்ன? திரைக்கு ஒரு உருவம் கிடையாது. இங்கே தூண், ஜன்னல், வளைவு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடம் எல்லாமே படத்தின் பாகம். தையல்காரர் உடம்பை அளவெடுப்பது போலக் கட்டடத்தை லேசர் ஸ்கேனர் வைத்து அளந்து, அதே அளவில் கணினியில் ஒரு முப்பரிமாண உருவம் செய்து, அதன் மேல்தான் ஒவ்வொரு காட்சியையும் வரைகிறோம். தூண் உருகுவதாகக் காட்டினால் நிஜத் தூண் எங்கே முடிகிறதோ அங்கேயே உருகலும் முடிய வேண்டும். நாலு அங்குலம் தள்ளிப்போனாலும் கண் கண்டுபிடித்துவிடும், அப்புறம் பார்ப்பவருக்கு அது வெறும் வீடியோ.

இதெல்லாம் நேற்று வந்த யோசனையும் இல்லை. 1969இல் டிஸ்னிலேண்டில் திறந்த ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டில், பாடுகிறவர்களின் முகத்தைப் படமெடுத்து அதை மார்பளவுச் சிலைகள் மேல் பாய்ச்சி, சிலைகளையே பாட வைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் நைமார்க் என்ற கலைஞர் ஒரு வரவேற்பறையின் நடுவில் மெதுவாகச் சுழலும் கேமராவை வைத்து அறையையும் அதில் இருந்த மனிதர்களையும் படமெடுத்தார். பிறகு நாற்காலி முதல் சுவர் வரை அறை முழுவதற்கும் வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டு, கேமரா இருந்த அதே இடத்தில் புரொஜெக்டரைச் சுழலவிட்டார். வெள்ளை நாற்காலி மேல் அதே நாற்காலியின் நிறம் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. மனிதர்கள் மட்டும் அங்கே இல்லாததால் ஆவி மாதிரி தெரிந்தார்கள். இன்று யார் செய்கிற நிகழ்ச்சியை விடவும் அதை நான் மேலாக நினைக்கிறேன், ஏனென்றால் அந்த அறையைத் தவிர வேறெங்கும் அந்தப் படத்தைக் காட்டவே முடியாது. 2001இல் ஆராய்ச்சியாளர் ரமேஷ் ராஸ்கரும் அவருடைய குழுவினரும் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் தாஜ்மகாலின் வெள்ளை மாதிரி ஒன்றின் மேல் இரண்டு புரொஜெக்டர்களால் சலவைக்கல்லையும் நிழலையும் வரவழைத்துக் காட்டினார்கள். இரண்டு புரொஜெக்டரின் ஒளி ஒன்றன் மேல் ஒன்று விழும் இடத்தில் பளிச்சென்று ஒரு பட்டை தெரியாமல் இருக்க, இரண்டையும் அங்கே படிப்படியாக மங்கச் செய்ய வேண்டும். அந்தக் கணக்கை அவர்களும் போட்டார்கள், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நாங்களும் போடுகிறோம்.

சரி, பெரிதாகக் காட்டுவதில் என்ன தப்பு என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். ஒரு புரொஜெக்டர் மொத்தம் எவ்வளவு ஒளியை வெளியிடுகிறது என்பதை லூமென் என்ற அளவில் சொல்வோம், ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் விழுகிறது என்பதுதான் லக்ஸ். 20,000 லூமென் புரொஜெக்டர் ஒன்றை 20 மீட்டருக்கு 20 மீட்டர் சுவரில் பாய்ச்சினால் சதுர மீட்டருக்கு 50 லூமென், அதாவது 50 லக்ஸ். அதே புரொஜெக்டரை நீளம் உயரம் இரண்டையும் இரட்டிப்பாக்கி 40க்கு 40 என்று விரித்தால் வெறும் 12.5 லக்ஸ்தான் மிஞ்சும். ஒரு சாதாரணத் தெருவிளக்கே அந்த அளவு வெளிச்சத்தைச் சாலையில் கொட்டுகிறது! கருங்கல் சுவராக இருந்தால் விழும் வெளிச்சத்தில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும், கண்ணாடிச் சுவராக இருந்தால் ஒளி உள்ளே போய்விடும் அல்லது வேறு பக்கம் திரும்பிவிடும். இன்னொன்று, புரொஜெக்டரால் கறுப்பைக் காட்டவே முடியாது, ஒளி படாத இடம்தான் கறுப்பு. பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் நம் கறுப்பெல்லாம் மஞ்சள்தான். அதனால் கூடுதலாக ஒரு புரொஜெக்டர் வாடகைக்கு எடுப்பதை விட, சுற்றியிருக்கும் விளக்குகளை நிகழ்ச்சி நடக்கும் இருபது நிமிடத்துக்கு அணைக்க அனுமதி வாங்கித் தருவது பல நேரம் பெரிய உதவி. 2015இல் எம்பயர் ஸ்டேட் பில்டிங்கில் அழியும் நிலையில் உள்ள விலங்குகளைக் காட்டியபோது 20,000 லூமென் புரொஜெக்டர்கள் நாற்பது தேவைப்பட்டன. அவ்வளவு வசதி எல்லோருக்கும் கிடைக்காது.

அடுத்தது நேரம். எல்லாம் கணினியில் சரியாக இருந்தாலும் இடத்துக்குப் போனதும் படம் பொருந்தாது. முதலில் வெள்ளைக் கோடுகளால் ஆன கட்டம் ஒன்றைச் சுவர் முழுக்கப் பாய்ச்சுவோம். ஒருவர் மடிக்கணினியில் ஒரு புள்ளியைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் சுவருக்கு அடியில் அண்ணாந்து நின்று போனில் "இடது, இன்னும் கொஞ்சம், போதும், இப்ப கீழ" என்று சொல்ல, ஒரு ஜன்னலின் நாலு மூலையும் உட்காரும். அப்புறம் அடுத்த ஜன்னல். இடையில் காற்றடித்து புரொஜெக்டர் நிற்கும் சாரம் அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த வேலையை இருட்டில் மட்டும்தான் செய்ய முடியும். மேடை, ஒலி, உணவு எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கும் ஏற்பாட்டாளர்கள் இதற்கு மட்டும் கடைசி ராத்திரியில் இரண்டு மணி நேரம் தருவது எந்த விதத்தில் நியாயம்?

நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வாடிக்கையாளர், பெயர் வேண்டாம், மாதக்கணக்கில் அந்தக் கட்டடத்துக்கென்றே செய்த காட்சியைப் பார்த்துவிட்டு, நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் சாயங்காலம் தொடக்கம் முதல் முடிவு வரை தங்கள் லோகோ முகப்பு முழுக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். செய்து கொடுத்தோம். லோகோ வந்ததும் தூண்கள் எல்லாம் காணாமல் போயின, கூட்டமும் போனைக் கீழே இறக்கிவிட்டது. சுவர் உயிரோடு இருப்பது போன்ற அந்த உணர்வுக்காகத்தான் மக்கள் வருகிறார்கள். பெயரைக் கடைசியில் ஐந்து விநாடி காட்டினாலும் நினைவில் நிற்கும், அதற்கு முன்னால் வந்தது நன்றாக இருந்தால்.

எல்லாச் சுவரும் விளம்பரத்துக்கு உரியதும் அல்ல. 2018 அக்டோபரில் சிட்னி ஓபரா ஹவுஸின் கூரை மேல் ஒரு குதிரைப் பந்தயத்துக்கான விளம்பரத்தைப் பாய்ச்சச் சொல்லி மாநில அரசே உத்தரவிட்டது. நிர்வாகம் ஏற்கனவே தயங்கியிருந்தது. லட்சக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள், அன்றிரவு மக்கள் திரண்டு வந்து டார்ச் அடித்து அந்தப் படத்தைக் கலைக்கப் பார்த்தார்கள். அதே கூரையில் விவிட் என்ற சிட்னியின் ஒளித் திருவிழாவுக்குக் கலைஞர்கள் ஒளி பாய்ச்சும்போது அதே ஊர் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து ரசிக்கிறார்கள். ஒளியால் சுவருக்குச் சேதமில்லை என்பது உண்மை, ஆனால் அந்தக் கட்டடம் யாருடையது என்று அந்த ஊர் நினைக்கிறதோ அவர்களிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2012 டிசம்பரில் டோக்கியோ ரயில் நிலையத்தில் நடந்த நிகழ்ச்சியை, எதிர்பார்த்ததை விட அதிகக் கூட்டம் வந்ததால் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. வெளியேறும் வழிகளை முடிவு செய்யாமல் புரொஜெக்டர் வைக்கும் இடத்தை முடிவு செய்வது தலைகீழ் வேலை. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச் பளிச்சென்று மின்னும் காட்சி சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம். தொலைக்காட்சிக்கு இதற்கு வரம்பு வைத்திருக்கும் நாடுகள் உண்டு. நாலு மாடி உயரத்துக்கு மின்னும் சுவருக்கு முன்னால் குழந்தைகளோடு நிற்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு அறிவிப்புப் பலகைகூட வைக்காத இடங்கள் இருக்கின்றன.

உங்கள் நிருபர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் லூமென் கணக்கோடு நிறுத்தாமல், காட்சியை வரைந்தவர் யார், அந்தச் சுவரில் எதைப் பார்த்து அந்த யோசனை வந்தது, ஒத்திகைக்கு எத்தனை இரவு கிடைத்தது என்று கேட்டு, வரைந்தவர் பெயரையும் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். மின்னும் காட்சி உண்டு என்றால் முன்னறிவிப்புச் செய்தியிலேயே அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒளிக்காட்சி வடிவமைப்பில் இருக்கும் உங்கள் வாசகர்