ஃபாரோவின் பலம் களஞ்சியத்தில் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பண்டைய எகிப்து மன்னர்களான ஃபாரோக்களைப் பற்றி வந்த கட்டுரை, ‘ஃபாரோ கடவுள், அவர் வாக்குக்கு மறுவாக்கு இல்லை’ என்று முடிந்திருந்தது. கோயில் சுவர்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கணக்கு எழுதியவர்கள் விட்டுப்போன பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகளையும் படிக்க வேண்டும்.

ஃபாரோ மூன்றாம் ரமேசஸ் காலத்தில் அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள், நைல் நதியில் தீப்ஸ் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள தேர் எல் மெதினா ஊரில் குடியிருந்தார்கள். நாணயம் கிடையாது, கூலி தானியம்தான். ஆளுக்கு மாதம் ஐந்தரை மூட்டை. அதில் ரொட்டிக்கு எம்மர் கோதுமை நான்கு (நம் கடைகளில் சம்பா கோதுமை என்று விற்கும் இனம்), பீர் காய்ச்ச பார்லி ஒன்றரை. ஒரு மூட்டை சுமார் 77 லிட்டர். மேஸ்திரிக்கு ஏழரை மூட்டை. மீன், காய்கறி, விறகுடன் குடிதண்ணீரும் வெளியிலிருந்தே வர வேண்டும். ஆக, அரசு அனுப்பாவிட்டால் அடுப்பு எரியாது.

ஆட்சியின் 29-ஆம் ஆண்டில் (கி.மு. 1157 வாக்கில்) அதுதான் நடந்தது. ‘பசிக்கிறது, 18 நாள் ஆகிவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு, காவல் மதில்கள் ஐந்தையும் தாண்டி, மூன்றாம் துத்மோஸ் கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்து, இரண்டாம் ரமேசஸின் நினைவுக் கோயிலான ராமெசியத்துக்கே போனார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. மன்னருக்கும் தலைமை அமைச்சருக்கும் எழுதுங்கள் என்றார்கள். படை வரவில்லை. முந்தின மாதப் பாக்கிதான் வந்தது. மன்னரின் 30-ஆம் ஆண்டு விழாவுக்காகத் எகிப்தின் தென்பகுதித் தெய்வச் சிலைகளை வடக்கே கொண்டுசெல்ல வந்த தலைமை அமைச்சர் தோ, களஞ்சியமே காலியானாலும் கிடைத்ததைத் தருவதாகச் சொல்லியனுப்பினார். கிடைத்தது பாதிக் கூலி. வேலைநிறுத்தம் தொடர்ந்தது.

களஞ்சியம் ஏன் வறண்டது? கடற்படையெடுப்பாளர்களோடும் லிபியர்களோடும் நடந்த போர்கள் ஒருபுறம். கோயில்களிடம் குவிந்த சொத்து மறுபுறம். ரமேசஸ் கோயில்களுக்குச் செய்த கொடைகளைப் பட்டியலிடும் ஹாரிஸ் பாப்பிரஸ் 40 மீட்டருக்கும் மேல் நீளம். வழியில் திருட்டும் நடக்கும்; அடுத்து வந்த மன்னர்கள் காலத்து வழக்கு ஒன்று இதற்குச் சான்று. எலிஃபன்டைன் தீவில் க்னூம் என்ற தெய்வத்தின் கோயிலுக்கு ஆண்டுதோறும் 700 மூட்டை ஏற்றிவர வேண்டிய கப்பல் தலைவன், சில ஆண்டுகளில் 5,000 மூட்டைக்கு மேல் விழுங்கிவிட்டான் என்று ஒரு குற்றப்பத்திரிகை சொல்கிறது. அவன் மட்டும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது, எழுத்தர்களும் உடந்தை.

தெய்வத்தன்மை சிம்மாசனத்துக்கு உரியது. அதில் அமர்ந்த மனிதரை அது காப்பாற்றவில்லை. மூன்றாம் ரமேசஸின் அந்தப்புரத்தில் அரசி தீயே தன் மகன் பெந்தாவேரை அரியணையில் ஏற்றச் சதி செய்தாள். விசாரணை ஏடு இத்தாலியின் டுரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குற்றவாளிப் பெண்களோடு கூடிக் குடித்த நீதிபதிகளுக்கே மூக்கும் காதும் அறுக்கப்பட்டன. பதப்படுத்தி வைத்த மன்னரின் உடலில் கழுத்து எலும்புவரை வெட்டப்பட்டிருந்ததை 2012-இல் வெளியான சி.டி. ஸ்கேன் முடிவுகள் காட்டின. பதினோராம் ரமேசஸ் காலத்துக்குள் ஆமுன் கோயில் தலைமைப் பூசாரி ஹெரிஹோர், கர்னாக்கின் கோன்சு கோயில் சுவரில் தன்னையே மன்னராகச் செதுக்கிக்கொண்டார்.

கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதியில், வேலைநிறுத்தத்தைப் பதிவு செய்த ஏட்டையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவும் டுரினில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
திருச்சி