டிவிடி டிரைவ் திரையில் தெரியாவிட்டால் அது கெட்டுவிட்டது என்று பொருளல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிவிடி டிரைவைத் தம் கணினி காட்ட மறுக்கிறது என்று கேட்டிருந்த வாசகர் ஒருவருக்கு, 'டிரைவின் ஆயுள் முடிந்திருக்கும், புதியது வாங்கிப் பொருத்துங்கள்' என்று தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் ஒரே வரியில் விடை அளிக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே விடைதான் கிடைத்தது. அதை நம்பி, நன்றாக இருந்த டிரைவ் ஒன்றைக் கழற்றி எறியவிருந்தவன் நான் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மறைந்த என் தாயாரின் குரல் பதிவாகியிருந்த நான்கு சிடிகளை வன்தட்டுக்கு மாற்ற உட்கார்ந்த அன்றுதான் டிரைவ் காணாமல் போனது. பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வந்தது. தள்ளினால் உள்ளே போனது. முகப்பில் இருந்த சிறு விளக்கும் மினுக்கியது. ஆனால் திரையில் டிரைவின் அடையாளமே இல்லை. வந்து பார்த்த பழுதுபார்ப்பவர், மேல்மூடியைக்கூடத் திறக்காமல், லென்ஸ் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். லென்ஸ் பழுதானால் வட்டைப் படிக்க முடியாமல் போகும். டிரைவின் பெயர் பட்டியலில் இருந்துகொண்டே 'வட்டைச் செருகவும்' என்று கேட்கும். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசரும் டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் லேசரும் தேவைப்படுவதால், ஒன்று கெட்டு மற்றொன்று வேலை செய்யும் டிரைவுகளும் உண்டு. வட்டு படிக்கப்படாமல் இருப்பதும் டிரைவே தெரியாமல் இருப்பதும் வெவ்வேறு கோளாறுகள் என்பதைத் தங்கள் பக்கம் முதலில் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தட்டு திறந்து மூடுகிறது என்றால் டிரைவுக்கு மின்சாரம் வருகிறது என்பது மட்டுமே உறுதி. மேசைக் கணினியின் சாட்டா (டிரைவுகளை மதர்போர்டு எனும் தாய்ப்பலகையுடன் இணைக்கும் முறை) டிரைவுக்கு மின்சாரம் 15 முனைகள் கொண்ட அகலமான இணைப்பியிலும், தகவல் 7 முனைகள் கொண்ட குறுகிய இணைப்பியிலும் தனித்தனியே செல்கின்றன. அந்தக் குறுகிய கேபிளின் தலை பலவற்றில் கொக்கி இல்லாமல் வெறுமனே செருகி நிற்பது. கணினியை இடம் மாற்றும்போது அரை மில்லிமீட்டர் நழுவினாலும் தொடர்பு அறுந்துவிடலாம். ஆகவே மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, இருமுனையிலும் கழற்றி மறுபடி செருகிப் பார்ப்பதும், வேறொரு கேபிளையும் மதர்போர்டில் வேறொரு துளையையும் முயன்று பார்ப்பதும்தான் முதல் வேலை. யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி டிரைவானால் பெரும்பாலும் மின்சாரப் பற்றாக்குறைதான் காரணமாக இருக்கும். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர் அளவே தரக் கடமைப்பட்டது என்பதால், இடையில் ஹப் (ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் கருவி) எதுவும் வைக்காமல் கணினியின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும்.

அடுத்ததாகக் கேட்க வேண்டிய கேள்வி, விண்டோஸ் துவங்கும் முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை நிரலான பயாஸில் டிரைவ் தெரிகிறதா என்பது. கணினி உயிர்பெறும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி உள்ளே சென்றால், இணைந்துள்ள டிரைவுகளின் பட்டியல் இருக்கும். அங்கேயே பெயர் இல்லையென்றால் கோளாறு கேபிளிலோ, அணைத்து வைக்கப்பட்ட சாட்டா துளையிலோ, டிரைவிலோ இருக்கிறது. அங்கே இருந்து விண்டோஸில் மட்டும் இல்லையென்றால், டிரைவின் மீது பழி போடுவதற்கு இடம் மிகக் குறைவு. என் கணினியில் அதுதான் நடந்தது: பயாஸ் பட்டியலில் டிரைவின் பெயர் முழுமையாக இருந்தது. இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிலோ அதன் மீது மஞ்சள் நிற ஆச்சரியக்குறியும், உள்ளே 39 என்ற பிழை எண்ணும் இருந்தன.

வட்டில் பதிவுசெய்யும் மென்பொருள்கள் சில, டிரைவுக்கும் விண்டோஸுக்கும் இடையே தமது சிறு வடிகட்டி நிரல்களை நுழைத்து, அவற்றின் பெயர்களை விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுகளில் எழுதி வைக்கின்றன. மென்பொருளை நீக்கிய பிறகும் பெயர் அங்கேயே தங்கிவிட்டால், விண்டோஸ் இல்லாத கோப்பைத் தேடித் தோற்று, டிரைவையே ஏற்க மறுத்துவிடுகிறது. 19, 31, 32, 39, 41 ஆகிய பிழை எண்கள் தோன்றினால் இதைச் சந்தேகிக்கலாம். டிவைஸ் மேனேஜரில் டிரைவை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி துவக்குவதை முதலில் செய்து பார்க்க வேண்டும்; அது பலிக்காதபோதுதான் அந்த இரு பதிவுகளையும் அழிக்க வேண்டும். எனக்கு அழித்த பிறகே டிரைவ் திரும்பி வந்தது. நான்கு சிடிகளையும் அன்றிரவே படியெடுத்து முடித்தேன்.

இந்த வழியைத் தாங்கள் வெளியிட்டால், எச்சரிக்கை ஒன்றையும் சேர்த்தே வெளியிட வேண்டுகிறேன். ரெஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு சாதன வகைக்கும் ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. சிடி, டிவிடி டிரைவுகளுக்குரியதன் முதல் பகுதி 965 என்றும் வன்தட்டுகளுக்குரியதன் முதல் பகுதி 967 என்றும் முடிகின்றன. அவசரத்தில் இரண்டாவதில் உள்ள அப்பர்ஃபில்டர்ஸ் பதிவை அழித்தவரின் கணினி துவங்காமலே போகக்கூடும். எதையும் தொடும் முன் அந்தப் பிரிவைக் கோப்பாகச் சேமித்துக்கொள்வதும், வலப்பக்கத்தில் சிடிராம் என்ற வகைப்பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம்.

கேள்வி கேட்ட அந்த வாசகர் இதற்குள் புதிய டிரைவ் வாங்காமல் இருக்க வேண்டும் என்று உள்ளபடியே விரும்புகிறேன். அடுத்த கணினிப் பக்கத்திலேயே, பயாஸில் அவருடைய டிரைவ் தெரிகிறதா என்று அவரிடம் கேட்டு எழுதுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்