வீட்டுக்கு இடம் பாக்கறவங்க குடியிருக்கப் போறவங்களையும் கேக்கணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்க பேராக் சுங்கை சிப்புட் வட்டாரத்துல பழைய தோட்டங்கள்ல இன்னும் லயத்துலயே, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுலயே, இருக்கிற குடும்பங்களுக்கு வீடு கட்ட இடம் பாக்கறாங்கன்னு கொஞ்ச நாளா பேச்சு அடிபடுது, சாப்பாட்டுக் கடையில கோயில்ல எங்க போனாலும் இதே பேச்சுதான். ரெண்டு இடத்த சொல்றாங்க. ஒன்னு செம்பனை ஆலைக்குப் பின்னால ஆத்தோரமா இருக்கிற பள்ளக்காடு, இன்னொன்னு பட்டணத்துக்கு கிட்ட தாமானை (வீடமைப்புப் பகுதியை) ஒட்டுனாப்ல கிடக்கிற மேட்டு நிலம். பள்ளக்காடு சுலபமா கிடைக்குமாம், அக்கம்பக்கத்துல எதிர்ப்பு வராதாம், அதனால அதையே முடிச்சிடலாம்னு சில பேரு சொல்றாங்க. எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

எதிர்ப்பு ஏன் வராது? அங்க யாரும் குடியிருக்கல, அதான் வராது. ஏன் யாரும் குடியிருக்கலன்னு கேட்டா எல்லாம் வெளங்கிடும்.

நான் தோட்ட ஆஸ்பத்திரியில டிரெஸரா, அதாவது மருத்துவ உதவியாளரா, வேலை பாத்து ஓய்வு பெத்தவன். மழைக்காலம் முடிஞ்சா பள்ளத்துல இருக்கிற லயத்துலேர்ந்துதான் காய்ச்சல்காரங்க வரிசையா வருவாங்க, டெங்கி ஒரு பக்கம், எலி சிறுநீர் கலந்த தண்ணியில நின்னு வர்ற காய்ச்சல் ஒரு பக்கம், பிள்ளைங்களுக்கு சொறி சிரங்கு வேற. மேட்டு லயத்துல இருக்கறவங்களும் அதே வேலைதான் செய்யறாங்க அதே சாப்பாடுதான் சாப்பிடறாங்க, ஆனா அவங்க வீட்டுல இவ்வளவு சீக்கு இல்ல. இடந்தான் வித்தியாசம். அதோட ஆலைக்குப் பின்னாலன்னா கழிவுநீர்க் குளத்து வாடை ராத்திரி பகல்னு வரும், செம்பனைப் பழம் ஏத்துற லோரி போற வழியிலதான் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு மோட்டார்ல போகணும். 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவுல தண்ணி ஏறுனப்ப நல்லா கட்டுன கல்லு வீட்டு ஜனங்களே கூரை மேல ஏறி உதவிக்கு காத்திருந்தாங்க, அத டிவில பாத்த நாம ஆத்தோரத்துல புதுசா வீடு கட்டலாம்னு எப்படி பேசறோம்னு எனக்குப் புரியல.

இதுல இங்கிலாந்து சங்கதி ஒன்னு சொல்லணும், நம்ம விஷயத்துக்கு ரொம்ப பொருந்தும். என் தங்கச்சி மவன் அங்க கெண்ட் பக்கம் வேலை பாக்கறான். அந்த நாட்டுல டிராவலர்னு ஒரு ஜனங்க இருக்காங்க, ரோமானி ஜிப்சிங்க, ஐரிஷ் டிராவலருங்க, தலைமுறை தலைமுறையா கேரவன்ல, அதாவது இழுத்துட்டுப் போற வண்டி வீட்டுல, குடும்பத்தோட ஊர் ஊரா போய் பொழச்சவங்க. இப்ப பல பேரு ஒரே இடத்துல கேரவனை நிறுத்தி பிள்ளைங்கள பள்ளிக்கூடம் அனுப்பணும்னு நினைக்கிறாங்க, அதுக்கு கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) அனுமதி உள்ள இடம் வேணும். புது இடம் எங்க வைக்கலாம்னு கவுன்சில் கேட்டா போதும், சுத்துப்பட்டுல எல்லாரும் மனு எழுத ஆரம்பிச்சிடுவாங்களாம். இடம் கொடுக்க வேணாம்னு நேரா சொல்ல மாட்டாங்களாம் மாமா, எங்க ஊர்ல வேணாம்னு மட்டும் சொல்வாங்களாம்னு அவன் சொன்னான். எல்லா ஊரும் அதையே சொன்னா அந்தக் குடும்பங்க எங்கதான் போகும்?

1968லயே அங்க ஒரு சட்டம் போட்டு இவங்களுக்கு இடம் ஒதுக்கறது கவுன்சிலோட கடமைன்னு சொன்னாங்க. அப்பவும் பல கவுன்சில் ஒதுக்குன இடம் எப்படி இருந்துச்சுன்னா நெடுஞ்சாலை ஓரம், குப்பைமேட்டுப் பக்கம், சாக்கடை சுத்திகரிக்கிற நிலையத்துக்கு அடுத்து, ரயில் தண்டவாளத்து ஓரம், ஜனங்க கண்ணுல படாத இடமா பாத்து தள்ளிவிட்டாங்க. 1994ல அந்தக் கடமையையும் சட்டத்துலேர்ந்து எடுத்துட்டாங்க, நீங்களே நிலம் வாங்கி அனுமதி கேட்டுக்கங்கன்னு விட்டுட்டாங்க. எசெக்ஸ்ல பேசில்டன் பக்கம் டேல் ஃபார்ம்னு ஒரு இடம், அங்க டிராவலருங்க சொந்தக் காசுல நிலம் வாங்கித்தான் குடியிருந்தாங்க, ஒரு பகுதிக்கு அனுமதி இருந்துச்சு பக்கத்துப் பகுதிக்கு கிடைக்கல, கட்டடம் வரக்கூடாதுன்னு காப்பாத்தி வெச்சிருக்கிற பசுமை வளைய நிலம்னு காரணம் சொன்னாங்க. பத்து வருஷம் வழக்கு நடந்து 2011 அக்டோபர்ல போலீஸ் வந்து சுமார் எண்பது குடும்பத்த வெளியாக்குனாங்க, அதுக்கே பல மில்லியன் பவுண்டு செலவு. காலி பண்ணிட்டா ஆளுங்க காணாம போயிடுவாங்களா, பல பேரு பக்கத்து ரோட்டோரத்துலயே கேரவனைப் போட்டு கிடந்தாங்க. அந்தக் காசுல நாலு நல்ல இடம் பண்ணியிருக்கலாம்னு நினைக்கிறப்ப வயிறு எரியுது.

இத்தனைக்கும் இப்ப டிராவலர் இடங்களுக்குன்னு அந்த நாட்டு திட்டக் கொள்கையில எழுதி வெச்சிருக்கறது அருமையா இருக்கு. 2012ல வந்து, 2015லயும் அதுக்கு அப்புறமும் திருத்துனது. வெள்ள அபாயம் அதிகமா உள்ள இடத்துல வைக்கக்கூடாதுன்னு தெளிவா இருக்கு, கேரவனுக்கு தண்ணி வந்தா தாங்காதுன்னு காரணத்தோட. பிள்ளைங்க ஒழுங்கா பள்ளிக்கூடம் போகணும், மருத்துவ வசதி எட்டணும், சத்தமும் காத்தோட சுத்தமும் அங்க இருக்கறவங்க உடம்ப எப்படி பாதிக்கும்னு பாக்கணும். உயரமா மதிலும் வேலியும் போட்டு இவங்கள ஊரைவிட்டு வேணும்னே ஒதுக்கி வெச்ச மாதிரி ஆக்கிடக்கூடாதுன்னு கூட எழுதியிருக்காங்க. ஆரம்பத்துலயே பழைய குடிகளையும் கலந்து பேசு, டிராவலருங்களையும் கலந்து பேசுன்னு இருக்கு. எழுதுனபடி நடக்குதான்னா அது வேற கதை, ஆனா கேள்வி கேக்கறவங்க கையில காட்டறதுக்கு ஒரு தாளாவது இருக்கு.

நம்ம ஊருக்கு வர்றேன். தோட்டத்து ஜனங்க எங்க இருக்கணும்னு அடுத்தவங்க முடிவு பண்றது நமக்குப் புதுசில்ல. 1948ல கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் ஆரம்பிச்சதே எங்க ஊர்லேர்ந்துதான், அப்ப காவல் காக்க வசதியா இருக்கணும்னு லயங்கள ஒன்னாச் சேத்து முள்கம்பி வேலி போட்டாங்க, எங்க இருக்க விரும்பறீங்கன்னு யாரும் கேக்கல. அது சண்டைக் காலம், போகட்டும். இப்ப என்ன அவசரம்?

தாமான்ல இருக்கிற சில நம்ம ஆளுங்களே தோட்டத்து ஆளுங்க வந்தா குடி, சண்டை, வீட்டு விலை எறங்கிடும்னு பேசறாங்களாம். ஐயா, எனக்கு இதுதான் ரொம்ப வலிக்குது. அந்த தாமான்ல இருக்கறவங்கள்ல பாதிப்பேரு அப்பா அம்மா பால்மரம் வெட்டி படிக்க வெச்சவங்க. டிராவலருங்களப் பத்தி அங்க வெள்ளைக்காரங்க எழுதுற மனுவுலயும் இதே வார்த்தைங்கதான் வருதுன்னு தங்கச்சி மவன் சொன்னப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. கூட்டம், ரோட்டு நெரிசல், அல்லூர் (சாக்கடைக் கால்வாய்) தாங்குமான்னு நியாயமான கவலை இருந்தா அதச் சொல்லட்டும், அத சரி பண்ண வழி கேக்கலாம், ஜனங்களையே வேணாம்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல.

இடம் பாக்கப் போற அதிகாரிங்க வெயில்ல வந்து படம் புடிச்சிட்டுப் போனா போதாது. நல்லா மழை பேஞ்ச மறுநாள் வந்து நடந்து பாக்கட்டும், ராத்திரி ஆலை ஓடுறப்ப நின்னு மூச்சு இழுத்துப் பாக்கட்டும். பூமிக்கு அடியில என்ன போகுதுன்னும் தெரியணும், 2025 ஏப்ரல் 1ஆம் தேதி பெருநாள் நேரத்துல புத்ரா ஹைட்ஸ்ல எரிவாயு குழாய் வெடிச்சு எத்தனை வீடு கருகிப் போச்சு. நிலத்தோட பட்டா விஷயத்த முதல்லயே கேக்கணும், வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக லைசன்ஸ்ல உக்கார வெச்சா பத்து வருஷம் கழிச்சு திரும்ப இதே பேச்சு வரும். தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம், வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ் போற கிழவி எந்த பஸ்ல போவா, இதெல்லாம் வரைபடத்துல தெரியாது.

மாடு ஆடு வெச்சிருக்கிற குடும்பமும் இருக்கு, அவங்களுக்கு இருபதுக்கு அறுபது அடி வீடு மட்டும் கொடுத்தா பொழப்பு போயிடும். பினாங்கு கம்போங் புவா பாலாவுல மாடு வளத்தவங்க 2009ல எப்படி வெளியேத்தப்பட்டாங்கன்னு பாத்தோமே. இங்கிலாந்துலயும் குதிரை வளக்கற டிராவலர் குடும்பங்க மேய்ச்சலுக்கு இடம் கேக்கத்தான் செய்யறாங்க. தோட்டத்துக் கோயில், நம்ம பெரியவங்கள பொதைச்ச சுடுகாடு, இதுக்கு என்ன பதில்னும் இப்பவே சொல்லிடணும், வீட்டுச் சாவி கொடுத்த பிறகு யாரும் பேச மாட்டாங்க.

என்னைக் கேட்டா மேட்டு நிலந்தான் சரி. கொஞ்சம் காசு கூட ஆகும், தாமான்காரங்கள கூப்பிட்டு பொறுமையா பேசணும், ஆனா அங்க பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்துல, கிளினிக் பக்கத்துல, தண்ணி நிக்காது. நான் சொல்றது தப்பா இருந்தா குடியிருக்கப் போறவங்க சொல்லட்டும், கேட்டுக்கறேன். அதுக்கு கூட்டம் போடணும். வேலை நாள் காலையில பட்டணத்து ஆபீஸ்ல கூட்டம் போட்டா ஆலையில ஷிப்ட் போறவனும் பழம் வெட்டப் போறவனும் எப்படி வருவான், சம்பளம் போயிடும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தோட்டத்துக் கோயில் மண்டபத்துலயே போடுங்க, தமிழ்ல பேசுங்க, பொம்பளைங்களுக்கு முன்வரிசைய விடுங்க, ரெண்டு இடத்தோட வரைபடத்தையும் பெருசா ஒட்டி வையுங்க. சட்டமன்ற உறுப்பினரும் நில அலுவலகத்து ஆளும் இதப் படிச்சா தேதி மட்டும் சொல்லட்டும், மண்டபத்த கூட்டித் தண்ணி தெளிச்சு வைக்கிறது எங்க பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத்து டிரெஸர்,
சுங்கை சிப்புட், பேராக்.