ரிலே திறந்தால் மட்டும் போதாது

அன்புள்ள கண்ணா,

ஆம்ப்ளிஃபையர் பாடத் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். 500 விஏ டொராய்டு (வளைய டிரான்ஸ்ஃபார்மர்), பிளஸ் மைனஸ் 50 வோல்ட், 8 ஓம் ஸ்பீக்கர். படத்தில் ஸ்பீக்கர் ஒயர் போர்டிலிருந்து நேராகப் பெட்டிக்குப் போகிறது. முதலில் அதைக் கழற்றி வை. பிறகு இதைப் படி: ஸ்பீக்கரை டிசியிலிருந்து காக்கும் சர்க்யூட்டும், ஆன் செய்யும்போது பாயும் கரண்டை அடக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டும் எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

ஓர் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 50 வோல்ட் டிசி அப்படியே ஸ்பீக்கரில் விழும். 8 ஓம் ஸ்பீக்கரின் காயில், அதாவது கம்பிச்சுருள், டிசிக்குச் சுமார் 6 ஓம்தான். 8 ஆம்பியருக்கு மேல் ஓடும், 400 வாட்டுக்கு மேல் சூடு. பாட்டு ஓடும்போது காயில் அசைவதால் கொஞ்சமாவது காற்று கிடைக்கும். டிசியில் கோன் (ஸ்பீக்கரின் கூம்பு) ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். சில விநாடிகளில் கருகிவிடும். ரெயிலில், அதாவது 50 வோல்ட் சப்ளை வழியில், 5 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கிறதே என்கிறாய். 5 ஆம்பியர் ஃப்யூஸ் 8 ஆம்பியரில் உடனே போகாது, நிதானமாகத்தான் போகும். அதற்குள் காயில் போய்விடும்.

டிசியைக் கண்டுபிடிக்கும் பகுதி எளிது. அவுட்புட்டிலிருந்து 100 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு இரண்டு 47 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலைட்டிக், மைனஸோடு மைனஸ் சேர்த்து. இரண்டும் சேர்ந்தால் சுமார் 23 மைக்ரோஃபாரட். 20 ஹெர்ட்ஸில் 50 வோல்ட் பீக் வந்தாலும் இதற்குப் பிறகு 0.2 வோல்ட்டுக்குள்தான் மிஞ்சும், அடுத்து வரும் டிடெக்டர் டிரான்சிஸ்டர் அசையாது. நிஜமான 50 வோல்ட் டிசி வந்தாலோ 30 மில்லிசெகண்டு சுமாரில் 0.7 வோல்ட்டைத் தொட்டுவிடும். கெப்பாசிட்டரைக் குறைத்தால் வேகம் கூடும், ஆனால் பாட்டில் தாழ்ந்த ஒலி அடிக்கும்போதெல்லாம் ரிலே (ஸ்பீக்கரைப் பிரிக்கும் மின் சுவிட்ச்) கழன்று மாட்டும். இரண்டு சேனலையும் ஒரே கெப்பாசிட்டரில் சேர்த்துக் காசை மிச்சம் பிடிக்காதே. ஒன்றில் பிளஸ்ஸும் மற்றதில் மைனஸும் வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

பலரும் கவனிக்காத இடம் நெகட்டிவ் பக்கம். டிடெக்டரில் இரண்டு என்பிஎன் டிரான்சிஸ்டர் இருக்கும். பிளஸ் டிசி முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்குள் போகிறது, அங்கே கெயின் (பெருக்கம்) கிடைக்கிறது. மைனஸ் டிசி இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டரை இழுக்கிறது. 100 கிலோ ஓம் வழியாக வரும் அதே கரண்ட்தான் கலெக்டரிலும் கிடைக்கும், பெருக்கமே இல்லை. அதனால் 1.5 வோல்ட் செல்லை வைத்துப் பார்த்தால் பிளஸ்ஸைப் பிடிக்கும், மைனஸைப் பிடிக்காது. இரண்டு கலெக்டரையும் சேர்த்து ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டரின் பேஸில் கொடு. அதன் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் 220 கிலோ ஓம் போடு. இப்போது இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகும். இவ்வளவையும் ஒரே ஐசியில் முடிக்க யூபிசி 1237 உண்டு: 2-ஆம் பின் டிசி, 4-ஆம் பின் ஏசி போனதைப் பார்ப்பது, 6 ரிலே, 7 தாமதம்.

இனி ரிலே. இதில்தான் உன்னை அதிகம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. உன் ரிலேயின் முதுகைப் பார்: 250 வோல்ட் ஏசி, 30 வோல்ட் டிசி என்று இருக்கும். ஏசி ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை பூஜ்ஜியத்தைக் கடக்கும், அப்போது காண்டாக்டில் எழும் பொறி அணையும். டிசிக்கு அந்தப் பூஜ்ஜியமே கிடையாது. 50 வோல்ட்டில் 8 ஆம்பியரைப் பிரிக்கப் போனால், அந்தச் சின்ன இடைவெளியில் பொறி விடாமல் எரிந்துகொண்டே இருக்கும். ரிலே திறந்திருக்கும், ஸ்பீக்கரும் எரிந்துகொண்டிருக்கும். அதனால் ஸ்பீக்கரை ரிலேயின் காமனில் (பொது முனையில்) இணை, ஆம்ப்ளிஃபையரை நார்மலி ஓப்பனில் (ரிலே ஒட்டும்போது மட்டும் சேரும் முனையில்), ரிலே விட்டதும் சேரும் நார்மலி குளோஸ்டைக் கிரவுண்டில். ரிலே விடும்போது ஸ்பீக்கரின் இரு முனையும் கிரவுண்டில் நிற்கும். பொறி நீடித்தாலும் கரண்ட் ஸ்பீக்கரைத் தொடாமல் கிரவுண்டுக்கே பாயும், ஃப்யூஸ் போகும். இரட்டைக் காண்டாக்ட் ரிலேயை எடுத்து இரண்டையும் தொடராக இணைத்தால் இடைவெளி இரு மடங்கு. ஸ்பீக்கரின் இரு முனையையும் ஓட்டும் பிரிட்ஜ் ஆம்ப்ளிஃபையரில் மட்டும் கிரவுண்டுக்கு இணைக்கவே கூடாது. அங்கே இரண்டு ஒயரையும் பிரிக்க வேண்டும்.

ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே வெறும் டயோடு போட்டால் அதில் கரண்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், காண்டாக்ட் சோம்பலாகப் பிரியும், பொறி வளரும். டயோடோடு 24 வோல்ட் சீனரைத் தொடராகப் போடு. ரிலேயை 24 வோல்ட் சப்ளையில் ஓட்டினால் அதன் டிரான்சிஸ்டர் 49 வோல்ட் தாங்க வேண்டும். அதற்குப் பிசி 546 அல்லது பிடி 139 போதும். 50 வோல்ட் ரெயிலிலிருந்து ஓட்டினால் 75 வோல்ட் வரை வரும், பிசி 546 தாங்காது, பிடி 139 போடு. 24 வோல்ட், 1440 ஓம் காயிலை 50 வோல்ட் ரெயிலிலிருந்து ஓட்ட 1.5 கிலோ ஓம், 1 வாட். அல்லது இரண்டு ரிலேயின் காயிலைத் தொடராக இணைத்தால் அந்த ரெசிஸ்டரே வேண்டாம்.

ரிலே இல்லாமலும் செய்யலாம்: இரண்டு என்-சேனல் மாஸ்ஃபெட், சோர்ஸோடு சோர்ஸ், கேட்டோடு கேட் சேர்த்து, விஓஎம் 1271 போன்ற ஃபோட்டோவோல்ட்டாயிக் ஆப்டோவால் (உள்ளே ஒளியிலிருந்து வோல்ட்டேஜ் தரும் ஐசி) ஓட்டுவது. பொறியும் இல்லை, தேய்மானமும் இல்லை. ஆப்டோ தருவது 8 வோல்ட் அளவுதான் என்பதால் லாஜிக் லெவல் மாஸ்ஃபெட்டாக, 100 வோல்ட் தாங்குவதாகப் பார். உன் இரண்டாவது போர்டுக்கு இதையே நான் விரும்புவேன்.

ஆன் செய்ததும் 3 விநாடி தாமதம் போதும். ஆஃப் செய்யும்போதுதான் அவசரம்: பெரிய கெப்பாசிட்டர்கள் இறங்கும் முன் ரிலே விட வேண்டும், இல்லையென்றால் ‘டப்’ என்று அடிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியிலிருந்து தனி டயோடு, 10 மைக்ரோஃபாரட், 4.7 கிலோ ஓம் வைத்து ஏசி இருக்கிறதா என்று பார்த்தால் நொடியில் சிறு பங்குக்குள் தெரிந்துவிடும்.

சாஃப்ட் ஸ்டார்ட்டுக்கு வருகிறேன். டொராய்டை ஆன் செய்யும் கணத்தில் கோர் நிறைவுற்று, காலி கெப்பாசிட்டர்களும் சேர்ந்து, பல பத்து ஆம்பியர் இழுக்கும். 150 ஓம் 5 வாட் ஒயர்வவுண்ட் மூன்றை இணையாகப் போடு: 50 ஓம். 230 வோல்ட்டில் உச்சம் 6.5 ஆம்பியரோடு நிற்கும். மெட்டல் ஃபிலிம் போடாதே. கணநேரம் 1000 வாட்டை அது தாங்காது. 0.2 விநாடியில் ஒரு ரிலே இந்த ரெசிஸ்டரை ஷார்ட் செய்ய வேண்டும். டைமருக்கு 2என் 7000 (சின்ன மாஸ்ஃபெட்), கேட்டில் 100 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட், 12 வோல்ட் சப்ளை. கேட் வோல்ட்டேஜ் துண்டுக்குத் துண்டு வேறுபடும். அளந்து பார்த்து கெப்பாசிட்டரை மாற்று. 100 கிலோ ஓமுக்குக் குறுக்கே, கேத்தோடு சப்ளை பக்கமாக ஒரு டயோடு போடு. அணைத்ததும் கெப்பாசிட்டர் காலியாகி, உடனே மறுபடி ஆன் செய்தாலும் முழுத் தாமதம் கிடைக்கும். என்டிசியை (சூடானால் தடை குறையும் ரெசிஸ்டர்) மட்டும் நம்பினால் இந்த இடத்தில்தான் ஏமாறுவாய்: சூடாக இருக்கும் என்டிசி எதையும் தடுக்காது.

12 வோல்ட்டைப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எடுக்காதே, தனிச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வை. ஆம்ப்ளிஃபையரில் ஏதாவது ஷார்ட் இருந்தால் 50 ஓமுக்குப் பின்னால் வோல்ட்டேஜ் ஏறாது, ரிலே ஒட்டாது. ரிலே ஒட்டாமல் 1 ஆம்பியர் ஓடினாலே 15 வாட் ரெசிஸ்டரில் 50 வாட் எரியும். அதனால் ரெசிஸ்டரை ஒட்டி, அதோடு தொடராக, சூட்டில் துண்டித்துக்கொள்ளும் ஒரு தெர்மல் ஃப்யூஸ் கட்டாயம். அதைச் சால்டர் செய்யும்போது காலைக் குறட்டால் பிடித்துக்கொள், இல்லையென்றால் சால்டர் சூட்டிலேயே போய்விடும்.

இந்தப் போர்டில் மெயின்ஸ், அதாவது வீட்டின் 230 வோல்ட், இருக்கிறது, கண்ணா. மெயின்ஸ் தடத்துக்கும் 12 வோல்ட் தடத்துக்கும் இடையே 8 மில்லிமீட்டர் விடு, சேசிஸை எர்த்தோடு இணை, ஒற்றைக் கையால் அள. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கெப்பாசிட்டரால் வோல்ட்டேஜைக் குறைக்கும் கெப்பாசிட்டர் டிராப்பர் சப்ளை பக்கமே போகாதே. அதில் சர்க்யூட் முழுவதும் மெயின்ஸில் நிற்கும்.

முதல் முறை ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வை. பல்பு இருக்கும்வரை வோல்ட்டேஜ் தாழும், அதனால் டைமரைத் தனியாகச் சோதித்துவிடு. ஸ்பீக்கர் புரொடெக்‌ஷனை ஆம்ப்ளிஃபையரில் மாட்டும் முன், டிடெக்டர் இன்புட்டில் 9 வோல்ட் பேட்டரியை ஒரு முறை பிளஸ்ஸாக, ஒரு முறை மைனஸாகத் தொட்டுப் பார். இரண்டிலும் கால் விநாடிக்குள் ரிலே விட வேண்டும். பிறகு டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதில் வைக்கும் ரெசிஸ்டரில்) 20 ஹெர்ட்ஸ் முழு சத்தத்தில் ஓட்டு. ரிலே அசையக் கூடாது. நெகட்டிவ் பக்கம் எத்தனை வோல்ட்டில் பிடித்தது என்பதை எனக்கு எழுது. அது தெரிந்த பிறகு ஸ்பீக்கரை மாட்டு.

அன்புடன்,
அம்மா