கிளை நூலக வாசகர் வட்டம்: 2024-25 ஆண்டறிக்கை
(ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தளித்தது)

தலைவர் அவர்களுக்கும் நூலகர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்கள், புரவலர்கள், வாசகர்கள் அனைவருக்கும் வணக்கம்.

‘சமூக நீதியும் சம உரிமையும்’ என்ற தலைப்பில் இவ்வாண்டு நூலகக் கூடத்தில் நடந்த மாதாந்திர உரைகள் பற்றியது இந்த அறிக்கை. நூலக வார விழா, கோடை வாசிப்பு முகாம் ஆகியவற்றின் விவரம் தனி இணைப்பில் உள்ளது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் 2024 மார்ச் 16 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டதால் ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் இல்லை. ஏப்ரல் 14 சமத்துவ நாளில் அம்பேத்கர் நூல்களைத் தனி மேசையில் எடுத்து வைத்ததோடு சரி. ஜூன் மூன்றாம் ஞாயிறு முதல் உரைகள் தொடங்கின.

உரைகளின் அமைப்பை இவ்வாண்டு மாற்றியிருக்கிறோம். பேச்சாளருக்கு 40 நிமிடம், கேள்விக்கு 50 நிமிடம். சமூக நீதி என்றாலே அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், வைக்கம், 1928 வகுப்புரிமை ஆணை என்று வரலாற்றிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. வரலாறு வேண்டாம் என்பதல்ல; கேட்பவர் வீட்டுக்குப் போகும்போது எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த அலுவலகம், எத்தனை நாள் கெடு என்ற நான்கையும் கையில் கொண்டு போக வேண்டும் என்பதே நோக்கம். இந்த நான்கும் அடங்கிய ஒரு பக்கத் தாளைப் பேச்சாளர் பத்து நாள் முன்னதாகவே தந்துவிட வேண்டும். அதை நகலெடுத்து, கூட்டம் முடிந்த பிறகே கொடுக்கிறோம். முதலிலேயே கொடுத்தால் எல்லோரும் தாளைப் படித்துக்கொண்டிருப்பார்கள், பேச்சை யாரும் கேட்பதில்லை.

கேள்விகள் துண்டுச் சீட்டில், பெயர் இல்லாமல். மைக்கைக் கையில் கொடுத்தால் எழுந்து கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதிலும் கேள்வி கேட்பதைவிடத் தனியாக ஓர் உரை நிகழ்த்துபவர்கள். சீட்டு முறையில் பெண்களின் கேள்விகள் வரத் தொடங்கின. சீட்டைக் கூட்டத் தலைவர் முதலில் மனதுக்குள் படித்துவிட்டு, ஆள், தெரு, குடும்பம் அடையாளம் தெரியும் பகுதியை விட்டுவிட்டு வாசிக்க வேண்டும். ‘எங்கள் தெருவில் கடைசி வீட்டில்’ என்று எழுதினாலே எங்கள் ஊரில் யாரென்று தெரிந்துவிடும். சொந்த வழக்குகளை மேடையில் பேசுவதில்லை. கூட்டம் முடிந்து குறிப்புதவிப் பகுதி மேசையில் அரை மணி நேரம் தனியாக. மாலை 6 மணி என்றிருந்ததை 3.30 ஆக்கியதும் பலன் தந்தது: கடைசி நகரப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போவது நின்றது.

அதிகச் சீட்டுகள் சேர்ந்தது மகள்களின் சொத்துரிமை பற்றிய உரைக்கு. பேசிய வழக்கறிஞர் கரும்பலகையில் ஒரே ஒரு கணக்கைத்தான் போட்டார். 3 ஏக்கர் நிலம், அதாவது 300 சென்ட். உயில் எழுதாமல் இறந்த தகப்பனார். அவருடைய தாய், மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். நிலம் அவர் சுயமாகச் சம்பாதித்தது என்றால் முதல் வகுப்பு வாரிசுகள் ஐவருக்கும் சமபங்கு, ஆளுக்கு 60 சென்ட். அதே நிலம் பூர்வீகச் சொத்து என்றால் முதலில் தகப்பனார், இரு மகன்கள், மகள் என்று நான்கு பங்கு, தலைக்கு 75 சென்ட். பிறகு தகப்பனாரின் 75 சென்ட் ஐந்து வாரிசுகளுக்கும் 15 சென்டாகப் பிரியும். முடிவில் பிள்ளைகள் மூவருக்கும் தலா 90, மனைவிக்கு 15, தாய்க்கு 15. தென்னிந்தியாவில் கூட்டுக்குடும்பப் பாகப்பிரிவினையில் மனைவிக்கெனத் தனிப்பங்கு கிடையாது என்பதால் வரும் வித்தியாசம் இது. மகளுக்கு 60 சென்டா 90 சென்டா, தாய்க்கு 60 சென்டா 15 சென்டா என்பதெல்லாம் மூலப்பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும். ‘சமபங்கு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை.

தேதிகளிலும் குழப்பம் இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989 திருத்தம் மார்ச் 25, 1989 முதல் மகளையும் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலப் பங்காளி ஆக்கியது. அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அன்று தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினையையும் விற்பனையையும் இது தொடாது. ‘அப்போதே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம்’ என்பது எளிதில் எடுபடாது.

நடைமுறையில் உரிமை கைநழுவுவது நான்கு இடங்களில். வாரிசு சான்றிதழ் விண்ணப்பத்தில் மகள் பெயரை விட்டுவிடுவார்கள். சான்றிதழ் கிடைத்ததும் பட்டா அண்ணன் தம்பி பெயருக்கு மாறிவிடும். காரியம் முடிந்த கையோடு ‘ஒரு கையெழுத்துதானே’ என்று, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் வாங்கிவிடுவார்கள். அதில் சொத்து விவரப் பட்டியலில் எத்தனை சர்வே எண்கள் இருக்கின்றன என்று யாரும் படிப்பதில்லை. அடுத்தது, பட்டா மாறிவிட்டதே என்று சும்மா இருந்துவிடுவது. பட்டா உரிமை மூலம் ஆகாது. பங்கிலிருந்து ஒதுக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். கல்யாணத்துக்குச் சீர் செய்தது பங்குக்கு ஈடாகாது. இவ்வளவும் தாளில் உள்ளது; மீதமிருந்த நகல்கள் நூலகர் மேசையில் கிடைக்கும்.

பட்டியலினத்தார், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிய உரையை ஜூலையிலிருந்து அக்டோபருக்குத் தள்ளி வைத்தோம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறியதால் பேச்சாளரே அவகாசம் கேட்டார். தள்ளி வைத்தது நல்லதாயிற்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது போன்ற குற்றங்களுக்கு ஐந்து ஆண்டு வரை தண்டனை என்பதால் இவையும் அந்த வரம்புக்குள் விழுகின்றன. புகார் கொண்டு போனால் ‘14 நாள் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று வழக்குப் பதியாமல், மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்ப இது வசதியாகிவிடும். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு, வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. 20ஆம் பிரிவு, மற்றச் சட்டங்களுக்கு மேலாக இச்சட்டமே செல்லும் என்கிறது. இந்த இரண்டு எண்களையும் புகார் மனுவிலேயே எழுதிவிடுங்கள் என்பது பேச்சாளர் சொன்ன வழி.

மனு எழுதும் முறையையும் காட்டினார். தேதி, நேரம், இடம். சொன்ன சொற்களை அப்படியே (‘தகாத வார்த்தையால் திட்டினார்’ என்று நாகரிகமாக எழுதினால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும்). அப்போது அருகில் இருந்தவர்கள் யார் யார். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். இழிவுபடுத்துவது, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது பற்றிய 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளுக்குச் சம்பவம் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் வேறு யாரும் இல்லாதபோது நடந்தது என்றால் அப்பிரிவுகள் நிற்பது கடினம். சாதிச் சான்றிதழ் நகலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது. குற்றப்பத்திரிகைக்கு 60 நாள். ஜாமீன் விசாரணைக்குப் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு வர வேண்டும் என்கிறது 15ஏ பிரிவு. பலருக்கும் இது தெரிவதில்லை. ஜாமீன் கிடைத்த பிறகுதான் செய்தி வருகிறது.

இடஒதுக்கீடு உரை செப்டம்பர் சமூக நீதி நாளையொட்டி நடந்தது. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் 20, பட்டியலினத்தார் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்று கூட்டி 69 சதவீதம் வருவதைப் பலகையில் எழுதிய பிறகும், மீதி 31 ‘மற்றச் சாதியாருக்கு’ என்று நினைத்து வந்த சீட்டுகள்தான் அதிகம். அது யாருக்கும் ஒதுக்காத பொதுப்பிரிவு. மதிப்பெண் இருந்தால் எல்லா வகுப்பாரும் வரலாம். 200 பணியிடங்களை வகுப்புவாரியாக வரிசைப்படுத்தி நிரப்பும் 200 புள்ளிச் சுழற்சியில் பழங்குடியினருக்கு இரண்டே இடம் என்பதால், ஆண்டுக்கு ஓரிரு பணியிடம் நிரப்பும் சிறு துறையில் அந்த முறை வர எவ்வளவு காலமாகும் என்ற கேள்விக்குக் கூடத்தில் சற்று நேரம் பேச்சில்லை. அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்கு 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு 6:1 என்ற கணக்கில் வழிவிட்ட தீர்ப்பையும் அன்று பேசினோம். இதில் உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது, இருதரப்பையும் பேசவிட்டோம்.

தூய்மைப் பணியாளர் உரிமை உரையில் பாதிப் பேர் வீட்டு உரிமையாளர்கள் என்பதால் பேச்சாளர் நேராக அவர்களிடமே பேசினார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கினால் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தொட்டியைச் சுத்தம் செய்ய அழைக்க வேண்டிய எண் 14420. இறப்புக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது.

மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய கூட்டத்தை முன்வாசலுக்கு வெளியே பந்தல் போட்டு நடத்த வேண்டியிருந்தது. நூலகத்துக்குப் படி மூன்று, மொத்த உயரம் 45 செ.மீ. சாய்தளத்துக்கு 1:12 என்ற விகிதப்படி 5.4 மீட்டர் நீளம் வேண்டும். வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே அவ்வளவு இடம் கிடையாது. பக்கச்சுவரை ஒட்டித் திருப்பிக் கட்டினால்தான் முடியும். படிமேல் பலகை சாய்த்துச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்தச் சரிவில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கும்போது கவிழும். ஆகவே ஏற்கவில்லை. சாய்தளம் கோரி மனு அனுப்பியாகிவிட்டது, பதில் இல்லை. 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமை மனுவும் போட்டிருக்கிறோம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக எல்லோரும் கட்டுகிறோம், சக்கர நாற்காலியில் வருபவரும் கட்டுகிறார்.

சட்ட நூல் அலமாரி: ‘2005க்கு முந்தைய பதிப்பு’ என்ற சிவப்புச் சீட்டை வாரிசுரிமைச் சட்ட நூல்களில் ஒட்டியாயிற்று. பழைய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம் பற்றிய நூல்களின் உள்ளட்டையில் எண் மாற்ற அட்டவணை ஒட்டும் வேலை நடக்கிறது: கணவர் வீட்டாரின் கொடுமைக்கான 498ஏ இப்போது 85, பெண்ணை மானபங்கப்படுத்துவதற்கான 354 இப்போது 74, ஜீவனாம்சத்துக்கான 125 இப்போது 144. தன்னார்வலர்கள் இன்னும் தேவை. பேச்சாளர்களுக்குச் சால்வை இல்லை, நூல்தான்; இது தொடரும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பவை: சாய்தளப் பணிக்குப் புரவலர் நிதியிலிருந்து முன்பணம் ஒதுக்குவது, வட்டச் சட்டப் பணிகள் குழுவின் வழக்கறிஞர் ஒருவரைக் கூட்டத்துக்குப் பிந்தைய அரை மணி நேரத்துக்கு அனுப்பக் கோருவது (பெண்கள், பட்டியலினத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு), வரும் ஆண்டில் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், திருநர் உரிமை, கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரும் முறை ஆகிய மூன்றையும் உரைத் தலைப்புகளில் சேர்ப்பது.

இப்படிக்கு,
செயலாளர்,
வாசகர் வட்டம்